தங்கை திருத்திய கணக்குகள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அத்தானும் நன்றாக இருக்கிறோம். நீயும் நலம் என்று எழுதத் துணிச்சல் வரவில்லை. நேற்றைக்கு இன்று கொஞ்சம் தேவலை என்றாவது இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே தொடங்குகிறேன்.

இதை மாப்பிள்ளை உனக்குப் படித்துக் காட்டுவார். அவரைக் கிண்டல் செய்து ஏதாவது எழுதியிருந்தாலும் விழுங்காமல் படிக்க வேண்டும் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

போன வாரம் அவர் போனை உன் காதில் வைத்தபோது நான் ஏதேதோ உளறினேன். கடைசியில் அழுதும் விட்டேன். நீ முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாயாம். அதனால் இனி கடிதம் தான். கடிதத்தில் அழுதால் சத்தம் கேட்காது.

அங்கே ஆஸ்பத்திரியில் உனக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா, நீ என்ன வேலை பார்த்தாய் என்று மாப்பிள்ளையிடம் விசாரித்தாராம். இயற்பியல் டீச்சர், பதினைந்து வருஷம் பாடம் நடத்தினவள், வகுப்பில் சாக்பீஸோடு விழுந்து நாலு மாதம் ஆகிறது, அதிலிருந்து வலது கையும் வரவில்லை, ஒரு வார்த்தையும் வரவில்லை என்று இவர் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா, "அப்ப வீட்டுக் கதையெல்லாம் அப்புறம் பேசலாம். அவங்க பாடத்தையே கொண்டு வாங்க" என்று சொல்லிவிட்டாராம்.

மாப்பிள்ளை படித்தது வரலாறு. அவரைக் கேட்டால் மின்சாரத்துக்கே எந்த ராஜா கால்வாய் வெட்டினான் என்று தேடுவார். நீ விழுந்த பிறகு இங்கே அனுப்பி வைத்த உன் புத்தகங்களோ நாலு அட்டைப்பெட்டியில் எங்கள் வீட்டில், அத்தானுடைய தையல் மேஜைக்கு அடியில் இருக்கின்றன. ஆகவே பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஒன்பதாம் வகுப்போடு நின்ற தலை. பொறுத்துக்கொள்.

மேலாக இருந்த புத்தகத்தை எடுத்தேன். முதல் பாடமே மின்னூட்டங்களும் மின்புலங்களும். முதல் இரண்டு பக்கத்தை மூன்று தடவை படித்தேன். சீப்பைத் தலைமுடியில் தேய்த்தால் காகிதத்துண்டை இழுக்கும் என்று போட்டிருந்தது. அத்தானிடம் படித்துக் காட்டினேன். உடனே சீப்பை எடுத்துக்கொண்டு வந்தார். அவர் தலையில் எங்கே முடி? என் தலையைத் தேடித்தான் வந்தார். பரபரவென்று நாலு வாரு வாரி, மேஜையில் கிடந்த துணிப்பிசிறுகளுக்கு மேலே பிடித்தார். பாப்பா, அவை எழுந்து நின்றன. ஒன்றிரண்டு துள்ளிப் போய்ச் சீப்பில் ஒட்டின. முப்பது வருஷமாகத் தினம் துணிப்பிசிறைப் பெருக்கித் தள்ளுகிற மனுஷன், "இதுங்களுக்கு உசுரு இருக்கு பாரேன்" என்றார். நாங்கள் இரண்டு பேரும் கால்மணி நேரம் அதையே செய்துகொண்டிருந்தோம். வாடிக்கையாளர் ஒருவர் ஜாக்கெட் வாங்க வந்து, எங்களைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

பிறகு முதல் கணக்கு. இரண்டு சின்ன உருண்டைகள். ஒன்றில் மின்னூட்டம் நாலு, மற்றதில் ஐந்து, பத்தின் அடுக்கு கழித்தல் ஏழு கூலூம். இடையில் முப்பது சென்டிமீட்டர். அவை ஒன்றை ஒன்று எவ்வளவு விசையோடு தள்ளும்? இந்த "அடுக்கு கழித்தல் ஏழு" என்ற சமாச்சாரம் புரியவே எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆனது. இரண்டு மின்னூட்டத்தையும் பெருக்கினேன், ஒன்பதோடு ஒன்பது சுழியம் சேர்த்துப் பெருக்கினேன், தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தேன். முப்பதை முப்பதால் பெருக்கினால் தொள்ளாயிரம். கடைசியில் வந்தது ஒரு நியூட்டனில் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு. இவ்வளவு மெனக்கெட்டதற்கு இத்தனூண்டு விடையா என்று இருந்தது.

சரியா என்று பார்க்கலாம் என்றால், புத்தகத்தின் கடைசி விடைப் பக்கங்களையெல்லாம் பசை போட்டு ஒட்டி வைத்திருக்கிறாய். பிள்ளைகள் திருட்டுத்தனமாகப் பார்க்கக்கூடாது என்று நீ செய்த வேலை, இப்போது என்னை வந்து பிடித்திருக்கிறது.

கணக்குப் போட்ட தாளை இதோடு வைத்திருக்கிறேன். ஒரு பென்சிலை உன் இடது கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். சரி என்றால் ஒரு கோடு. தப்பு என்றால் இரண்டு கோடு. முடியாவிட்டால் ஒன்றும் வேண்டாம், தாளைத் தொட்டால் போதும்.

நேரத்துக்குச் சாப்பிடு. பயிற்சியின்போது வலித்தால் அந்த அம்மாவின் கையைக் கிள்ளிவிடு, நான் சொன்னதாக.

அன்புடன்,
உன் அக்கா

*

என் பாப்பாவுக்கு,

உன் தப்புக்குறி வந்து சேர்ந்தது.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. தாளைப் பிரித்ததும் முதலில் ஒன்றும் கண்ணில் படவில்லை. சும்மாவே திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று தான் நினைத்தேன். பிறகு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். இரண்டு கோடு. ஒன்று நடுங்கி நடுங்கி இறங்கியிருக்கிறது, மற்றது பாதியில் நின்று மறுபடி கிளம்பியிருக்கிறது. அதுவும் தாளின் ஓரத்தில் இல்லை, விடையின் மேலும் இல்லை. நான் தொள்ளாயிரம் என்று எழுதிய இடத்துக்கு மேலே, முப்பது என்ற எண்ணின் மேல், குறிபார்த்து வைத்த மாதிரி.

அப்போதும் புரியவில்லை. முப்பதில் என்ன தப்பு, புத்தகத்திலேயே முப்பது என்று தானே இருக்கிறது என்று வேலைக்குப் போகும்போதெல்லாம் யோசித்தேன். மதிய இடைவேளையில், டீ குடித்துக்கொண்டிருக்கும்போது மண்டையில் உறைத்தது. சென்டிமீட்டர்! மீட்டராக மாற்றவில்லை. முப்பது இல்லை, புள்ளி மூன்று. நான் டம்ளரை வைத்துவிட்டுக் கத்திவிட்டேன். பட்டறைச் சூப்பர்வைசர் ஓடிவந்து யாருக்கு என்ன ஆச்சு என்றார். "என் தங்கச்சி தப்புன்னு போட்டிருக்கா சார்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

பாப்பா, மாப்பிள்ளை எழுதியிருக்கிறார். அவர் தாளை உன் முன்னால் வைத்ததும் நீ வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாயாம். பென்சில் இரண்டு தடவை விழுந்ததாம். அவர் எடுத்துக்கொடுக்கப் போனபோது கண்ணாலேயே அதட்டினாயாம். அந்தக் கண் எனக்குத் தெரியும். பெரிய டாக்டர்கள் மூளையைப் படம் பிடித்துப் பார்த்து, எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று இப்போது சொல்ல முடியாது என்றார்கள். நீ இரண்டு கோட்டில் சொல்லிவிட்டாய். உள்ளே நீ முழுசாக உட்கார்ந்திருக்கிறாய். சென்டிமீட்டரை மாற்றவில்லை என்று கோபத்தோடு உட்கார்ந்திருக்கிறாய்.

இப்போது சரியாகப் போட்டேன். புள்ளி சுழியம் இரண்டு நியூட்டன். இரண்டு கிராம் எடை அளவு. அத்தானுடைய டப்பாவிலிருந்து சட்டைப் பொத்தான் நாலைந்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். இவ்வளவு தான். ஆனால் தொடாமலே, நடுவில் ஒன்றுமே இல்லாமல், வெறும் இடத்தைத் தாண்டி இந்தத் தள்ளல் போய்ச் சேர்கிறதே, அதை நினைத்தால் கை கூசுகிறது.

அடுத்த கணக்கு, அந்த உருண்டையில் எத்தனை எலக்ட்ரான் கூடுதலாக இருக்கிறது என்று. நாலை ஒன்று புள்ளி ஆறால் வகுத்து, அடுக்குகளைக் கழித்து, வந்த விடையை அத்தான் சத்தமாகப் படித்தார்: இரண்டரை லட்சம் கோடி. ஒரு கோலிக்குண்டின் மேல்! அவர் கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்து, பேட்டரி போயிடுச்சோ என்றார்.

இன்னொன்றும் போட்டேன். இது புத்தகத்தில் இல்லை, நானே கேட்டுக்கொண்டது. ஒரு முழு கூலூம் இங்கே, ஒரு முழு கூலூம் ஒரு மீட்டர் தள்ளி, என்ன ஆகும்? ஒன்பது லட்சம் டன் எடை அளவுக்குத் தள்ளுகிறது. சுமை ஏற்றிய லாரி நாற்பத்தைந்தாயிரம். இந்த மேஜை, இந்தக் கத்தரிக்கோல், என் கட்டைவிரல், எல்லாவற்றுக்குள்ளும் இதைவிடப் பல மடங்கு மின்னூட்டம் அடைந்து கிடக்கிறதாம். கூட்டலும் கழித்தலும் கொஞ்சமும் பிசகாமல் சரிசமமாக இருப்பதால் தான் நாம் பாட்டுக்கு டீ குடித்துக்கொண்டிருக்கிறோம். இதைப் படித்த பிறகு மேஜை மேல் கை வைக்கவே மரியாதையாக இருந்தது. நீ இத்தனை வருஷம் இதைத் தெரிந்துகொண்டே எப்படி எங்களோடு சாதாரணமாகச் சாப்பிட்டு, சிரித்து, சண்டை போட்டுக்கொண்டிருந்தாய்?

ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ புது வீடு குடிபோன அன்று, வந்தவர்கள் உன் பாடத்தைப் பற்றி ஏதோ கேட்டார்கள். நான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். "அக்காவுக்கு இதெல்லாம் புரியாது" என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். நீ கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஆனால் அதற்கப்புறம் நான் உன் வீட்டுக்கு அதிகம் வராததற்குக் காரணம் முழங்கால் வலி இல்லை. எழுதிவிட்டேன். மாப்பிள்ளை, இதையும் படியுங்கள்.

அடுத்த தாள் இதோடு. மூன்று சமமான மின்னூட்டம், சமபக்க முக்கோணத்தின் மூலைகளில். ஒன்றின் மேல் மொத்த விசை எவ்வளவு? இரண்டு பேர் தள்ளுகிறார்கள், ஆகவே இரண்டு மடங்கு என்று எழுதியிருக்கிறேன். பார்த்துக் கோடு போடு.

உன் அக்கா

*

அன்புத் தங்கைக்கு,

முக்கோணமும் தப்பு என்று போட்டிருந்தாய். இந்த முறை தப்புக்குறிக்குப் பக்கத்தில் சாய்வாக இரண்டு அம்பு வேறு. பிள்ளைக் கிறுக்கல் மாதிரி கோணல்மாணலான அம்பு. புரிந்துகொண்டேன். எங்கள் பட்டறைத் தள்ளுவண்டியை இரண்டு பேர் இரண்டு மூலையிலிருந்து சாய்வாகத் தள்ளினால், கொஞ்சம் பலம் ஒருவரை ஒருவர் நெருக்குவதிலேயே போய்விடும். இரண்டு மடங்கு வராது, ஒன்றே முக்கால் மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. விசைக்குத் திசை உண்டு என்று பெரிய எழுத்தில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

உடம்பைப் பற்றி மாப்பிள்ளை எழுதியது கிடைத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டு அடி நடந்தாய் என்பதைப் படித்துவிட்டு அத்தான் எங்கள் வீட்டில் எட்டு அடி எவ்வளவு என்று நடந்து பார்த்தார். பேச்சு தான் இன்னும் வரவில்லை என்று எழுதியிருந்தார். வரட்டும். அவசரம் ஒன்றும் இல்லை.

எனக்கு இங்கே ஒரு தொல்லை வந்திருக்கிறது. நீ என் பட்டறையைப் பார்த்ததில்லை, அதனால் விவரமாகச் சொல்கிறேன். இரும்புச் சாமான்களை வரிசையாகக் கொக்கியில் மாட்டி வருவார்கள். கொக்கி வழியாகச் சாமானுக்கு எர்த் இணைப்பு உண்டு. நான் கூண்டு மாதிரியான அறையில் முகமூடி போட்டுக்கொண்டு நின்று, துப்பாக்கி போன்ற கருவியால் பெயின்ட் பொடியை ஊதுவேன். தண்ணீர் கிடையாது, எண்ணெய் கிடையாது, மாவு மாதிரி உலர்ந்த பொடி. அது பறந்து போய்ச் சாமானில் அப்பிக்கொள்ளும். முன்னால் நின்று அடித்தால் குழாயின் பின்பக்கம் கூடச் சுற்றிப் போய் ஒட்டும். அப்புறம் சூளையில் வைத்தால் உருகிப் பளபளவென்று ஆகிவிடும்.

பதினெட்டு வருஷமாக இதைச் செய்கிறேன். பொடி ஏன் பின்பக்கம் போகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. துப்பாக்கியின் முனையில் எண்பதாயிரம் வோல்ட் என்று எழுதியிருப்பதை, எச்சரிக்கைப் பலகை என்று மட்டும் தான் நினைத்திருந்தேன். இந்த வாரம் தான், பொடி ஒவ்வொன்றும் ஒரு குட்டி மின்னூட்டம் என்று தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத புலக்கோட்டைப் பிடித்துக்கொண்டு அவை போகின்றன. உன் புத்தகத்தில் வரைந்திருக்கும் அந்த வளைந்த கோடுகளுக்கு நடுவில் தான் பதினெட்டு வருஷமாக நின்றிருக்கிறேன் பாப்பா. திங்கட்கிழமை ஊதும்போது மேகம் போலப் பொடி வளைந்து திரும்புவதைப் பார்த்து, கையை நிறுத்திவிட்டு அப்படியே நின்றுவிட்டேன்.

சரி, தொல்லைக்கு வருகிறேன். புதிதாக ஆழமான இரும்புப் பெட்டிகள் வந்திருக்கின்றன. துணி மாற்றும் அறைகளில் வைக்கிற அலமாரி. வெளியே அழகாகப் பிடிக்கிறது. உள் மூலைகளில் பொடி ஒட்டவே மாட்டேன் என்கிறது, இரும்பு மொட்டையாகத் தெரிகிறது. இரண்டு தடவை சரக்கு திரும்பி வந்துவிட்டது. நான் கவனமில்லாமல் அடிக்கிறேன் என்று பேச்சு. சூப்பர்வைசர் வோல்ட்டைக் கூட்டி அடி என்கிறார். கூட்டினால் இன்னும் மோசமாகிறது. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் சரியாகவில்லை என்றால் என்னைக் கூண்டிலிருந்து எடுத்துக் கொக்கி மாட்டும் பக்கம் போட்டுவிடுவார்களாம். புதிதாக ஒருவரைக் கொண்டு வருவார்களாம்.

நேற்று உன் புத்தகத்தில் ஒரு கணக்கு. உள்ளே வெற்றிடமாக இருக்கும் உலோகக் கூட்டுக்கு மின்னூட்டம் கொடுத்தால் உள்ளே மின்புலம் எவ்வளவு? விடை கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள். சுழியம். வெளியே எவ்வளவு இருந்தாலும் உள்ளே சுழியம். காரின் மேல் இடி விழுந்தாலும் உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்கு ஒன்றும் ஆகாதாம், அதே காரணம் தான். படித்ததும் எனக்குப் பெட்டி ஞாபகம் வந்தது. என் பெட்டி மூடியது இல்லை, முன்பக்கம் திறந்தது. ஆனாலும் கோடுகளெல்லாம் விளிம்பிலேயே முடிந்துவிட்டால், ஆழத்து மூலைக்கு எதைப் பிடித்துக்கொண்டு பொடி போகும்? அப்படியானால் வோல்ட்டைக் கூட்டக்கூடாது. குறைத்து, காற்றின் வேகத்திலேயே பொடியை உள்ளே விட வேண்டும். நான் நினைப்பது சரியா?

சூப்பர்வைசரிடம் பத்து நாள் தவணை கேட்டேன், தங்கையிடம் கேட்டு எழுதியிருக்கிறேன், பதில் வரட்டும் என்று. "ஆஸ்பத்திரியில பேச்சு மூச்சில்லாம இருக்கற பொண்ணு சொல்லணும்னு கம்பெனி காத்துக்கிட்டு இருக்கணுமாம்மா?" என்று கேட்டார். கெட்டவர் இல்லை, அவருக்கும் மேலே இருந்து நெருக்கடி. ஆனால் மூச்செல்லாம் நன்றாக இருக்கிறது சார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பெட்டியின் படம் வரைந்திருக்கிறேன். உன்னால் முடிந்தால் மட்டும்.

உன் அக்கா

*

பாப்பா,

உன் பதில் வருவதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

காலையில் முதல் பெட்டி கூண்டுக்குள் வந்தது. சூப்பர்வைசரும், மேலே இருந்து வந்த பெரியவர் ஒருவரும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கைகட்டி நின்றார்கள். நான் வோல்ட் திருகியை எண்பதாயிரத்திலிருந்து நாற்பதாயிரத்துக்கு இறக்கினேன். சூப்பர்வைசர் கண்ணாடியைத் தட்டிக் கையை மேலே மேலே என்று ஆட்டினார். நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன். பதினெட்டு வருஷத்தில் சொன்னதற்கு நேர்மாறாகச் செய்தது அன்றைக்குத் தான். அதுவும் எதை நம்பி? நான் போட்ட கணக்கை நம்பி. இதுவரை உனக்கு அனுப்பிய இரண்டும் தப்பு.

வெளிப்பக்கத்தைத் தொடவே இல்லை. முதலில் உள் மூலைகள். காற்றை மட்டாக வைத்துக்கொண்டு, துப்பாக்கியைக் கொஞ்சம் உள்ளே நீட்டி, மெல்ல ஊதினேன். மேகம் விளிம்பில் திரும்பாமல் உள்ளே போனது. மூலையில் படிந்தது. முதலில் புகை மாதிரி, அப்புறம் மாவு மாதிரி, அப்புறம் இரும்பே தெரியவில்லை. நான் துப்பாக்கியை இறக்கிவிட்டேன். அழுகை வந்தது என்று நினைக்காதே. எனக்கு வந்தது வேறு. பயம் மாதிரி, ஆனால் நல்ல பயம். எங்கேயோ உட்கார்ந்து யாரோ காகிதத்தில் கண்டுபிடித்த ஒன்று, என் வீட்டுத் தையல் மேஜையில் நான் தட்டுத்தடுமாறிப் போட்ட ஒன்று, இதோ இந்தப் பெட்டிக்குள்ளும் அப்படியே செல்லுபடியாகிறது. பொடிக்கு யார் போய்ச் சொன்னது? அது எந்தப் பாடத்தைப் படித்தது? ஆனால் ஒரு துகள் கூட மீறவில்லை.

சூளையிலிருந்து வந்த பெட்டிக்குள் பெரியவர் விளக்கடித்துப் பார்த்தார். தலையை உள்ளே விட்டே பார்த்தார். வெளியே வந்து, யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். சூப்பர்வைசர் முந்திக்கொண்டு, "அவங்க தங்கச்சி சார், பெரிய இயற்பியல் டீச்சர்" என்றார். பேச்சு மூச்சைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. என் இடம் எனக்கே என்று ஆகிவிட்டது. நெட்டையன் என்று நாங்கள் கூப்பிடுகிற சூளைக்காரன், எனக்கும் அந்தப் புத்தகத்தைக் கொடு அக்கா என்று பின்னாலேயே வருகிறான்.

இதெல்லாம் வெள்ளிக்கிழமை. உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது.

உறையின் மேல் தேதி பார்த்தேன். நான் திருகியை இறக்கிய அதே வெள்ளிக்கிழமை அங்கே தபாலில் போட்டிருக்கிறார் மாப்பிள்ளை. நான் வரைந்த பெட்டியின் மேலே நீ கோடுகள் போட்டிருந்தாய். பதினோரு கோடு, எண்ணினேன். எல்லாம் விளிம்பில் வந்து நிற்கின்றன, ஒன்றே ஒன்று மட்டும் கொஞ்சம் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுச் சுவரில் முடிகிறது. மூலையில் ஒரு கோடும் இல்லை. வோல்ட் என்று நான் எழுதிய இடத்துக்குப் பக்கத்தில் கீழ்நோக்கி ஓர் அம்பு, பென்சில் முனை உடைகிற அளவுக்கு அழுத்தி. இதைப் போட உனக்கு இரண்டரை நாள் ஆனதாம், இடையில் கையைத் தடவிக் கொடுத்தால் கோபித்துக்கொண்டாயாம்.

இரண்டு பேரும் ஒரே விடை. நீ அங்கே, நான் இங்கே, ஒருவரை ஒருவர் கேட்காமல். இதை வைத்து உறவைப் பற்றிப் பெரிய வசனமெல்லாம் பேச மாட்டேன், பயப்படாதே. கணக்குச் சரியாக இருந்தால் யார் போட்டாலும் ஒரே விடை தான் வரும், அவ்வளவு தான். ஆனால் அந்த அவ்வளவு தானை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். தாளைக் கண்ணாடிச் சட்டம் போட அத்தான் எடுத்துப் போயிருக்கிறார்.

உன் அக்கா

*

அன்புள்ள என் தங்கைக்கு,

மாப்பிள்ளையின் கடிதம் இன்று காலை வந்தது. வேலைக்குப் போகவில்லை. பட்டறைக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

நடந்ததை அவர் எழுதியபடியே உனக்குத் திருப்பி எழுதுகிறேன். உனக்குத் தெரிந்தது தான். இருந்தாலும் எனக்கு இன்னொரு தடவை சொல்லிப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

பயிற்சி அறையில் அந்த அம்மா கோப்பைப் படம், மரத்தின் படம், நாய்ப்படம் எல்லாம் காட்டிக்கொண்டிருந்தாராம். நீ வாயைத் திறப்பாய், ஒன்றும் வராது, மூடிக்கொள்வாய். மாப்பிள்ளை மூலையில் உட்கார்ந்து நான் கடைசியாக அனுப்பிய தாளைப் பிரித்தாராம். அந்த அம்மா, சும்மா படிங்க, கொஞ்சம் ஓய்வாக இருக்கட்டும் என்றாராம். அவர் படித்தார். இருபது சென்டிமீட்டர் தூரத்தில் இரண்டு மின்னூட்டம், ஒன்று கூட்டல் மூன்று மைக்ரோ கூலூம், மற்றது கழித்தல் மூன்று. நட்டநடுவில் மின்புலம் எவ்வளவு? அக்காவின் விடை: ஒன்று கூட்டல், ஒன்று கழித்தல், இரண்டும் சமம், ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு போய்விடும், ஆகவே சுழியம்.

"தப்பு."

யார் சொன்னது என்று அவருக்கு முதலில் தெரியவில்லையாம். அந்த அம்மா தான் சொன்னார் என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தாராம். அந்த அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டு உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாராம். நீ மறுபடியும் சொன்னாயாம். முதல் எழுத்து இழுத்து, நடுவில் உதடு ஒட்டிக்கொண்டு, ஆனால் தெளிவாக, கோபமாக, "தப்பு." அப்புறம் என்ன சொன்னோம் என்று உனக்கே உறைத்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டாயாம். இடது கையால் இல்லை, வலது கையால். அப்படிப் பிடித்ததை அவர் அடுத்த பக்கத்தில் தான் எழுதியிருக்கிறார், முந்தின பக்கத்தில் எழுத முடியாதபடி தாள் ஈரமாகியிருந்தது.

ஐந்தரை மாதத்துக்கு அப்புறம் நீ சொன்ன முதல் வார்த்தை அம்மா இல்லை, தண்ணீர் இல்லை, கட்டின புருஷன் பெயர் இல்லை. அத்தான் கேட்டுவிட்டு, "சரியான டீச்சர்!" என்று சொல்லிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே உள்ளே போனவர் ரொம்ப நேரம் தையல் மிஷினை வெறுமனே ஓட்டிக்கொண்டிருந்தார். ஊசியில் நூல் இல்லை.

கணக்கைத் திரும்பப் போட்டேன். நடுவில் ஒரு சின்ன கூட்டல் மின்னூட்டத்தை வைத்துப் பார்த்தேன். கூட்டல் பக்கம் அதைத் தள்ளுகிறது. கழித்தல் பக்கம் அதை இழுக்கிறது. இந்தப் பக்கம் தள்ளினாலும் அந்தப் பக்கம் இழுத்தாலும் போகிற திசை ஒன்று தான். அடித்துக்கொள்ளவே இல்லை, கூடுகின்றன. ஒவ்வொன்றும் இருபத்தேழு லட்சம், மொத்தம் ஐம்பத்து நான்கு லட்சம் நியூட்டன் ஒரு கூலூமுக்கு. நான் சுழியம் என்று எழுதிய இடத்தில் ஐம்பத்து நான்கு லட்சம் இருந்திருக்கிறது. இவ்வளவு பெரிய தப்பை நீ வாய்விட்டுச் சொல்லாமல் எப்படி இருப்பாய்!

வேண்டுமென்றே தப்பாகப் போட்டு அனுப்பு என்று மாப்பிள்ளை எழுதியிருக்கிறார், பேசுவதற்கு நல்ல வழி கிடைத்துவிட்டதாம். மாட்டேன். நடிப்பு உனக்கு உடனே தெரிந்துவிடும். அதுவும் இல்லாமல் எனக்கு அதற்கு அவசியமும் இல்லை. அடுத்த பாடம் மின்னழுத்தம், முதல் பக்கத்திலேயே எனக்குத் தலை சுற்றுகிறது. உனக்கு வருஷக்கணக்கில் வேலை இருக்கிறது.

மூன்று நாள் விடுப்பு வாங்கியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் கிளம்பி மதியம் உன்னிடம் வந்துவிடுவேன். வீட்டுக் கதை பேச மாட்டேன், உடம்பைப் பற்றிக் கேட்க மாட்டேன், தலையைத் தடவ மாட்டேன். நோட்டும் பென்சிலும் கொண்டு வருகிறேன். உன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, நீ பார்க்கப் பார்க்கக் கணக்குப் போடுகிறேன். ஒருவேளை நான் சரியாகவே போட்டுவிட்டாலும் பரவாயில்லை பாப்பா, ஒரே ஒரு தடவை தப்பு என்று சொல்லிவிடு. என் காதால் கேட்டுவிட்டுப் போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்கும்,
உன் அக்கா